தண்ணீருக்குள் மீன் தெரியுமா?

"அப்பா! ஒரு கருவி இருக்கிறதாம். தண்ணீருக்குள் மீன் எங்கே இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டுமாம். வாங்கித் தாருங்கள்!" என்கிறான் மகன்.

"வாங்கலாம், தம்பி. எந்த ஏரிக்கு? அது எத்தனை அடி ஆழம்? முதலில் அதைச் சொல்" என்கிறார் அப்பா.

மகன் விழிக்கிறான்.

அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது பழமொழி. இந்தக் கருவியை வாங்குகிறவர்கள் ஆழம் தெரியாமல் பணத்தை விட்டுவிடக் கூடாது!

எதிரொலிதான் ரகசியம்

திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூரில், மலை அடிவாரத்தில் நின்று "ஓ...!" என்று கூவினால் என்ன ஆகும்? ஒலி மலையில் மோதித் திரும்பி வரும். அதுதான் எதிரொலி.

மீன் காட்டும் கருவியும் இதையே செய்கிறது. அதன் ஒலி நம் காதுக்குக் கேட்காது. தண்ணீருக்குள் இறங்கி, தரையில் மோதித் திரும்பும். நடுவில் மீன் இருந்தால் அதில் பட்டும் திரும்பும். மீனின் வயிற்றில் ஒரு காற்றுப் பை இருக்கிறது. ஒலியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்புவது அந்தப் பைதான்!

தண்ணீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,480 மீட்டர் ஓடும். காற்றில் ஓடுவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். ஆத்தூர் காமராஜர் அணை நிரம்பினால் 23.5 அடி. அந்த ஆழத்துக்குப் போய்த் திரும்ப, ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். அந்த நேரத்தைக் கணக்கிட்டுத்தான் கருவி ஆழத்தைச் சொல்கிறது.

கப்பல் மூழ்கியது, கருவி பிறந்தது

1912-ல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. பனிப்பாறையை முன்கூட்டியே அறிய வழி உண்டா என்று ஜெர்மனியில் அலெக்சாண்டர் பேம் என்பவர் ஆராய்ந்தார். பனிப்பாறைக்கு அவருடைய வழி பயன்படவில்லை. ஆனால் கடலின் ஆழத்தை அளக்கப் பயன்பட்டது!

1948-ல் ஜப்பானில், நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த புருனோ சகோதரர்கள் எதிரொலியைக் கொண்டு மீன் கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் கருவி செய்தார்கள். 1950-களில் அமெரிக்காவில் கார்ல் லோரன்ஸ் என்பவரும் அவர் பிள்ளைகளும், தூண்டில்காரர்கள் கையில் தூக்கிச் செல்லும் சிறிய கருவியைக் கொண்டுவந்தார்கள். இன்று நம் கடலோர விசைப்படகுகளில் "எக்கோ சவுண்டர்" சாதாரணப் பொருள்.

குளிரைத் தேடும் மீன்

"ஆத்தூர் அணையில் டிரவுட் மீன் கிடைக்குமா?" என்று கேட்கலாம். கிடைக்காது. டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். சமவெளியின் சூட்டை அது தாங்காது. இங்கெல்லாம் கட்லா, ரோகு, ஜிலேபிதான்.

டிரவுட்டைப் பார்க்க நீலகிரிக்குப் போகவேண்டும். அதுவும் அங்கே வந்து சேர்ந்த விருந்தாளிதான்! 1863-ல் பிரான்சிஸ் டே என்பவர் அதைக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பவர் வெற்றி கண்டார். 1907-ல் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணை அமைந்தது.

இந்த மீனுக்குப் பிடித்தது சுமார் 10 முதல் 16 டிகிரி வரையுள்ள குளிர். வெயில் காலத்தில் மேல்நீர் சூடானால், அது குளிரைத் தேடி ஆழத்துக்குப் போகும். ஆகவே டிரவுட் பிடிக்கிறவருக்கு ஆழமும் தெரியவேண்டும். நீரின் குளிரும் தெரியவேண்டும். குறைந்த விலைக் கருவிகள் பலவும் ஆழத்தையும் மேல்நீரின் குளிரையும் சொல்லிவிடும்!

எதைப் பார்த்து வாங்குவது?

முதலாவது, ஆழம். "ஆயிரம் அடி வரை காட்டும்" என்று விளம்பரம் சொல்லும். 23.5 அடி அணைக்கு ஆயிரம் அடி எதற்கு? மலை ஏரிக்குக்கூட அதில் ஒரு பகுதி போதும். தேவையில்லாத ஆழத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, ஒலி விரியும் அளவு. டார்ச் விளக்கின் வெளிச்சம்போல ஒலியும் போகப் போக விரியும். 20 டிகிரி விரிவுள்ள கருவி, 23.5 அடி ஆழத்தில் சுமார் 8 அடி அகலத்தைத்தான் பார்க்கும். 60 டிகிரி என்றால் சுமார் 27 அடி. ஆழம் குறைந்த நீருக்கு அகன்ற விரிவு நல்லது. ஆழமான ஏரிக்குக் குறுகிய விரிவு தெளிவாகக் காட்டும். இரண்டும் உள்ள கருவி கிடைத்தால் அதுவே மேல்.

மூன்றாவது, வெயில். கடைக்குள் பளிச்சென்று தெரியும் திரை, உச்சி வெயிலில் கறுத்துப் போகலாம். கடைக்காரரிடம் கேட்டு, வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

நான்காவது, எங்கிருந்து மீன் பிடிக்கிறீர்கள் என்பது. கரையில் நின்று தூண்டில் போடுகிறவருக்கு, பந்துபோல மிதக்கும் கருவி உண்டு. நூலில் கட்டி வீசினால், செல்போனில் படம் தெரியும். பரிசலில் போகிறவருக்குச் சின்னத் திரையும் 12 வோல்ட் பாட்டரியும் உள்ள கருவி போதும். ஒலி அனுப்பும் பாகத்தை ஒரு மூங்கில் கழியில் கட்டி நீருக்குள் இறக்கினால் வேலை முடிந்தது. அது நீருக்கு வெளியே இருந்தால் ஒன்றும் தெரியாது!

பக்கவாட்டில் பார்ப்பது, வரைபடம் போடுவது ஆகியவை விலையை ஏற்றும் வசதிகள். முதல் கருவிக்கு அவை வேண்டாம்.

மீன் பொம்மையை நம்பாதீர்கள்

சில கருவிகள் திரையில் மீன் பொம்மை போட்டுக் காட்டும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் மூழ்கிய மரக்கிளைக்கும் நீர்க்குமிழிக்கும்கூட அதே பொம்மை வரும்! பொம்மையை நிறுத்திவிட்டு, கோடுகளைப் படிக்கப் பழகுங்கள். மீன் பெரும்பாலும் வில்போல வளைந்த கோடாகத் தெரியும்.

இன்னொன்று. அணையிலும் மலை ஏரியிலும் மீன் பிடிக்க அனுமதி வேண்டும். அனுமதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். கருவியை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு விசாரிப்பது, தொட்டிலை வாங்கிவிட்டுப் பெண் பார்க்கப் போவது போல!

காசில்லாத கருவி

இத்தனையும் கேட்ட மகன், "அப்படியானால் எதை வாங்கலாம், அப்பா?" என்கிறான்.

அப்பா ஒரு கயிற்றை எடுக்கிறார். அடிக்கு ஒரு முடிச்சுப் போடுகிறார். நுனியில் ஒரு கல்லைக் கட்டுகிறார்.

"முதலில் இதைக் கொண்டு ஆழத்தை அளந்து வா. எங்கே பள்ளம், எங்கே மேடு என்று ஒரு நோட்டில் எழுது. பத்துத் தடவை போய் வந்தபிறகும் உனக்கு ஆசை இருந்தால் கருவி வாங்கலாம்!"

கருவி மீனைக் காட்டும்; பிடித்துத் தராது. தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பொறுமையை எந்தக் கடையிலும் விற்பதில்லை.