பெட்ரோலை மின்சாரம் முந்துமா?

2023 மே மாதம் மொனாக்கோவின் தெருக்களில், மூன்று வார இடைவெளியில் இரண்டு உலகப் பந்தயங்கள் நடந்தன. இரண்டுக்கும் பாதை ஒன்றுதான். ஒரு சுற்று 3.337 கிலோமீட்டர். மின்சாரக் கார்கள் ஓடும் ஃபார்முலா ஈ பந்தயத்தின் தகுதிச் சுற்றில் முதலிடத்துக்கு உரிய நேரம் சுமார் 1 நிமிடம் 28 விநாடி. ஃபார்முலா ஒன் தகுதிச் சுற்றில் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் எடுத்துக்கொண்டது 1 நிமிடம் 11.365 விநாடி. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்காகக் கோடிகளைக் கொட்டும் விளையாட்டில் 17 விநாடி மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். மின்சாரப் பந்தயத்தை ஏற்க மறுப்பவர்கள் இந்தக் கணக்கோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். அதே தெருக்களில் இன்னொரு கணக்கும் கிடைக்கிறது. அந்த ஃபார்முலா ஈ பந்தயத்தில் கார்கள் ஒன்றையொன்று முந்தியது நூறு தடவைக்கு மேல். மறு ஆண்டு அங்கே நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்திலோ முதல் பத்து இடங்களில் புறப்பட்டவர்கள் அதே வரிசையில் வந்து சேர்ந்தார்கள்; ஃபார்முலா ஒன் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. ஆக, மின்சாரம் பெட்ரோலுக்கு ஈடுகொடுக்குமா என்று கேட்பவர்கள், எதில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். நெடுந்தூர வேகத்தில் ஈடுகொடுப்பது இன்றைய பேட்டரியால் ஆகாது. அதைத் துரத்துவதும் வீண். தனக்கென்று ஒரு களத்தை அமைத்துக்கொண்டு அதில் நின்றால் மின்சாரப் பந்தயம் பெட்ரோல் பந்தயத்துக்கு நிகராக வளர முடியும்.

மின்சாரக் கார் வேகப் போட்டிக்குப் புதிது அல்ல. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய முதல் காரே மின்சாரக் கார்தான். 1899 ஏப்ரலில், பாரிஸுக்கு அருகே, பெல்ஜியத்தைச் சேர்ந்த கமில் ஜெனாட்ஸி அதை ஓட்டினார். பெட்ரோல் அதன் பிறகு களத்தைக் கைப்பற்றியதற்கு மோட்டார் காரணமில்லை. பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோனதுதான் காரணம். நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் குறை தொடர்ந்தது. 2014 செப்டம்பர் 13 அன்று பெய்ஜிங்கில் முதல் ஃபார்முலா ஈ பந்தயம் நடந்தபோது, ஒவ்வோர் ஓட்டுநருக்கும் இரண்டு கார்கள் தர வேண்டியிருந்தது. முதல் காரில் மின்சாரம் தீரும் நேரத்தில் பிட்டுக்குள் வந்து, இறங்கி ஓடி, முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்த இரண்டாவது காரில் ஏறிப் பந்தயத்தைத் தொடர்ந்தார்கள். மஹிந்திரா அணிக்காக அன்று ஓட்டிய சென்னையின் கருண் சந்தோக்கும் அப்படித்தான் கார் மாறினார். 2018-19 பருவத்தில் பெரிய பேட்டரி வந்து அந்த நிலையை மாற்றியது. 2023-ல் வந்த மூன்றாம் தலைமுறைக் காரின் திறன் 350 கிலோவாட். உச்ச வேகம் மணிக்கு 320 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். 2026-27 பருவத்துக்கான நான்காம் தலைமுறைக் கார் 600 கிலோவாட் வரை தரும். பத்து ஆண்டுகளில் இது பெரிய வளர்ச்சி. இந்த வளர்ச்சியைப் பார்த்துத்தான், இன்னும் சில ஆண்டுகளில் மின்சாரம் எல்லாவற்றையும் முந்திவிடும் என்று ஆர்வலர்கள் சொல்கிறார்கள்.

அந்த நம்பிக்கைக்கு முன்னால் ஓர் எளிய கணக்கு நிற்கிறது. 2023-ல் ஃபார்முலா ஒன் கார் ஒரு பந்தயத்துக்கு அதிகபட்சம் 110 கிலோ பெட்ரோல் பயன்படுத்தலாம். ஒரு கிலோ பெட்ரோலில் ஏறக்குறைய 12 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது; நம் வீட்டு மீட்டர் காட்டுகிறதே, அதே யூனிட். மொத்தம் சுமார் 1,300 யூனிட். இன்றைய ஃபார்முலா ஒன் இன்ஜின் அதில் ஏறக்குறைய பாதியை உந்துவிசையாக மாற்றிவிடும். மீதி வெப்பமாகப் போகும். அப்படிப் பார்த்தாலும் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது 650 யூனிட். மூன்றாம் தலைமுறை ஃபார்முலா ஈ கார் பந்தயத்துக்கு எடுத்துப் போவது 38.5 யூனிட்தான், தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதிகூட இல்லை. பேட்டரியில் ஒரு யூனிட்டைச் சேமிக்கக் குறைந்தது ஐந்து கிலோ எடை வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 650 யூனிட்டுக்கு மூன்று டன்னுக்கு மேல் ஆகிவிடும். பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தை மீட்டு அதில் நாற்பது சதவீதத்தைக் குறைத்தாலும் இரண்டு டன். ஓட்டுநரோடு சேர்த்து ஃபார்முலா ஒன் காரின் குறைந்தபட்ச எடையே 800 கிலோவுக்குப் பக்கம்தான். போதாக்குறைக்கு, பெட்ரோல் டேங்க் கட்டுச்சோற்று மூட்டை மாதிரி, வழியெல்லாம் இறங்கிக்கொண்டே வரும்; பேட்டரி காலியான பிறகும் அதே கனத்தோடு கூடவே வரும். இதனால்தான் ஃபார்முலா ஒன் 305 கிலோமீட்டர் ஓடுகிறது, ஃபார்முலா ஈ நூறு கிலோமீட்டரை ஒட்டி முடிந்துவிடுகிறது.

எடையும் தூரமும் குறுக்கே வராத இடத்தில் மின்சாரம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைப்பாதை சாட்சி. 2,862 மீட்டர் உயரத்தில் தொடங்கி 4,302 மீட்டரில் முடியும் 20 கிலோமீட்டர் ஏற்றம், 156 வளைவுகள். மேலே போகப் போகக் காற்று மெலியும். காற்றை இழுத்து எரிபொருளை எரிக்கும் இன்ஜினுக்கு அங்கே மூச்சு முட்டும். மின் மோட்டாருக்குக் காற்றே வேண்டாம். 2013-ல் செபாஸ்டியன் லோப் பெட்ரோல் காரில் 8 நிமிடம் 13.878 விநாடியில் ஏறி வைத்த சாதனையை, 2018 ஜூன் 24 அன்று ரோமன் டுமாஸ் ஃபோக்ஸ்வாகனின் ஐடி ஆர் என்ற மின்சாரக் காரில் 7 நிமிடம் 57.148 விநாடியில் முறியடித்தார். எட்டு நிமிடத்துக்குள் அந்த மலையை ஏறிய முதல் மனிதர் அவர். மறு ஆண்டு அதே டுமாஸ், மாற்றியமைத்த அதே ஐடி ஆர் காரை ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் ஓட்டினார். அதுவும் ஏறக்குறைய 21 கிலோமீட்டர்தான். 6 நிமிடம் 5.336 விநாடியில் முடித்தார்; மின்சாரக் காருக்கு அது அன்றைக்குப் புதிய சாதனை. ஆனால் போர்ஷே 919 ஈவோ 2018-ல் அங்கே எடுத்துக்கொண்டது 5 நிமிடம் 19.546 விநாடி. நீண்ட நேர்ப்பாதையில் போர்ஷே மணிக்கு 369 கிலோமீட்டரைத் தொட்டது. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டிய ஐடி ஆர் 270-ஐ ஒட்டி நின்றது. போர்ஷேயின் அந்தக் கார் பெட்ரோலும் மின்சாரமும் கலந்த ஹைபிரிட் என்பதையும் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய ஒரே நீளமுள்ள இரண்டு பாதைகள். ஒன்றில் மின்சாரம் வென்றது, மற்றதில் ஏறக்குறைய 46 விநாடி பின்தங்கியது. வெற்றி தோல்வியை நிர்ணயித்தது களம்.

பேட்டரி நாளுக்கு நாள் மேம்படுகிறதே, இன்றைய கணக்கை வைத்து நாளையைத் தீர்மானிக்கலாமா என்று கேட்பது நியாயம். முன்னேற்றம் கண்கூடு. ஆனால் பேட்டரி வளரும்வரை எதிராளி கையைக் கட்டிக்கொண்டு நிற்கப்போவதில்லை. 2026-க்கான ஃபார்முலா ஒன் விதிகள் காரின் மின் மோட்டாரை 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டுக்கு உயர்த்தியிருக்கின்றன. அதாவது, மூன்றாம் தலைமுறை ஃபார்முலா ஈ காரின் மொத்தத் திறனும் இப்போது ஃபார்முலா ஒன் காரில் ஒரு பாதி, மறுபாதி இன்ஜின். மின்சாரத்தில் எந்தப் புதுமை வந்தாலும் அதை ஹைபிரிட் காரும் எடுத்துக்கொள்ளும். கூடவே எரிபொருளையும் வைத்துக்கொள்ளும். இந்த ஓட்டத்தில் முழு மின்சாரக் கார் எப்போதும் ஓர் அடி பின்னால்தான் இருக்கும். ஃபார்முலா ஈ பொறியாளர்களுக்கு இது தெரிந்தே இருக்கிறது. இரண்டாம் தலைமுறைக் காரில் 52 யூனிட்டாக இருந்த ஆற்றலை மூன்றாம் தலைமுறையில் 38.5 யூனிட்டாகக் குறைத்தார்கள். பெரிய பேட்டரியைச் சுமப்பதைவிட, காரை இலகுவாக்கி, பிரேக்கில் மீட்கும் மின்சாரத்தைக் கூட்டுவதே மேல் என்று முடிவு செய்தார்கள். செலவாகும் மின்சாரத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் அப்படி மீட்டதுதான். பின்சக்கரங்களுக்கு வழக்கமான ஹைட்ராலிக் பிரேக் இல்லாமலேயே அந்தக் காரை வடிவமைத்தார்கள். மோட்டாரே பிரேக்கின் வேலையையும் பார்த்தது.

இந்தப் பற்றாக்குறைதான் மின்சாரப் பந்தயத்தின் தனிச்சொத்து. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். அவருக்கு மின்சாரம் அதிகம் செலவாகும். பின்னால் ஒட்டி வருகிறவர் மிச்சம் பிடிக்கலாம். ஆகவே எந்தச் சுற்றில் முன்னிலை எடுப்பது, எந்தச் சுற்றில் விட்டுக்கொடுப்பது என்பதே அங்கே பெரிய ஆட்டம். வளைவுக்கு வெகு முன்பே காலை எடுத்து உருளவிட்டு, எதிராளியைவிட அரை சதவீதம் மின்சாரம் கூடுதலாக வைத்திருப்பவர் கடைசிச் சுற்றில் அதைக் கொண்டு அடிக்கலாம். இந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதை 2021 ஏப்ரலில் வலென்சியா காட்டியது. மழையில் அடுத்தடுத்து விபத்துகள். சேஃப்டி கார் வரும்போதெல்லாம் விதிப்படி கார்களின் மின்சார ஒதுக்கீட்டைக் குறைத்தார்கள். பந்தயத்துக்குக் குறித்த நேரம் முடியச் சில விநாடிகள் இருக்கும்போது முன்னணியில் இருந்த அன்டோனியோ ஃபெலிக்ஸ் டா கோஸ்டா கோட்டைத் தாண்டிவிட்டார். அதனால் பல அணிகள் எதிர்பார்த்ததைவிட ஒரு சுற்று கூடிப்போனது. கடைசிச் சுற்றில் கார்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்தன, நின்றன. முதலிடத்தில் இருந்தவரே பின்னுக்குப் போனார். மின்சாரத்தைக் கையிருப்பில் வைத்திருந்த நிக் டி வ்ரீஸ் வென்றார். கேலிக்கூத்து என்று பலர் எழுதினார்கள். விதியை எழுதியதில் கோளாறு இருந்தது உண்மை. கையிருப்பை அறிந்து ஓட்டுபவனே வெல்வான் என்ற இலக்கணத்தில் கோளாறு இல்லை. நெடுந்தூர ஓட்டக்காரனின் நிதானத்தை நாம் குறை சொல்வதில்லை.

சத்தம் இல்லாத பந்தயம் பந்தயமா என்பது அடுத்த எதிர்ப்பு. பந்தயப் பாதையின் ஓரத்தில் நின்று இன்ஜினின் உறுமலை நெஞ்சுக்குள் உணர்ந்தவர்களின் இழப்பை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் 2014-ல் ஃபார்முலா ஒன்னே சிறிய டர்போ ஹைபிரிட் இன்ஜினுக்கு மாறியபோது, சத்தம் போய்விட்டது என்று இதே புகார் எழுந்தது. ஆனாலும் பிந்தைய ஆண்டுகளில் ரசிகர் கூட்டம் பெருகியது. சத்தம் குறைந்ததால்தான் மின்சாரப் பந்தயத்தால் ஊருக்குள் வர முடிகிறது என்பதும் உண்மை. எதிர்ப்பக்கத்தில், மின்சாரப் பந்தயத்தின் ஆதரவாளர்கள் முன்வைக்கும் சுற்றுச்சூழல் வாதமும் நினைப்பதுபோல் வலுவானது இல்லை. ஃபார்முலா ஒன் 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, அதன் மொத்தக் கரியமில வெளியீட்டில் பந்தயக் கார்கள் எரித்தது 0.7 சதவீதம் மட்டுமே. சரக்குப் போக்குவரத்து மட்டும் 45 சதவீதம். கண்டம் விட்டுக் கண்டம் விமானத்தில் காரைக் கொண்டுபோகும் எந்தப் பந்தயமும், கார் எதில் ஓடினாலும், இந்தச் சுமையிலிருந்து தப்பாது. நல்ல காரியம் என்பதற்காக யாரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பந்தயத்தைப் பார்க்க உட்கார மாட்டார்கள். பார்க்க நன்றாக இருந்தால்தான் உட்காருவார்கள்.

தனக்கென்று ஒரு களம் வேண்டும் என்பதற்கு வலுவான சான்று இரண்டு மின்சாரப் பந்தயங்களின் வெவ்வேறு கதி. 2019-ல் தொடங்கிய மோட்டோ ஈ, புகழ்பெற்ற மோட்டோ ஜிபி பைக் பந்தயத்தோடு, அதே வார இறுதியில், அதே பாதையில் நடந்தது. அதைவிடக் குறைந்த வேகம், சில சுற்றுகளே கொண்ட சின்ன ஓட்டம். பெரிய விருந்துக்கு முன் வைத்த சிறிய இலையாக அது தெரிந்ததே தவிர, ரசிகர்கள் மனதில் ஒட்டவில்லை. 2025 பருவத்தோடு நிறுத்திவைப்பதாக அறிவித்துவிட்டார்கள். ஃபார்முலா ஈ தொடக்கத்திலிருந்தே நகரத் தெருக்களைத் தன் களமாக எடுத்துக்கொண்டது. 2021-ல் ஆடியும் பிஎம்டபிள்யூவும், 2022-ல் மெர்சிடஸும் விலகிய பிறகும் போர்ஷே, ஜாகுவார், நிசான், மஹிந்திரா என்று அணிகள் நீடிக்கின்றன. ஒப்பிடுவதற்கு இடம் கொடுத்தது வீழ்ந்தது. தனித்து நின்றது பிழைத்தது. ஆனால் அந்த நகரத் தெருவே ஃபார்முலா ஈயின் பலவீனமும் ஆகிவிட்டது. 2023 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரிக்கரையில் பந்தயம் நடந்தது. ஜான் எரிக் வெர்ன் வென்றார். அந்த ஆண்டு டிசம்பரில் ஆட்சி மாறியது, மறு ஆண்டுக்கான பந்தயம் ரத்தானது. வேலிகளைக் கழற்றியதும் சாலை பழையபடி சாலையாகிவிடும். மோன்சாவில் 1922 முதல், மொனாக்கோவில் 1929 முதல் பந்தயம் நடக்கிறது. தாத்தா பார்த்த வளைவைப் பேரனும் பார்க்கிறான். ரசிகனின் விசுவாசம் அப்படி ஓர் இடத்தில் வேர்விட்டு வளர்வது. ஆண்டுக்கு ஓர் ஊர் மாறும் பந்தயத்துக்கு அந்த வேர் எப்படிப் பிடிக்கும்?

ஆகவே மின்சாரப் பந்தயத்தின் பொறுப்பில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது தெளிவாகவே தெரிகிறது. நாங்களும் ஃபார்முலா ஒன் அளவுக்கு வேகம் என்று ஒவ்வொரு தலைமுறைக் காருக்கும் பறைசாற்றுவதை நிறுத்த வேண்டும். அந்த ஒப்பீட்டை எழுப்பும்போதெல்லாம் தோற்பது அவர்கள்தான். ஒவ்வொரு காரிலும் எத்தனை சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பதை, கிரிக்கெட்டில் தேவைப்படும் ரன் விகிதத்தைப் போல, பார்வையாளர் மனதில் பதியும்படி சொல்லித்தர வேண்டும். நாலைந்து ஊர்களையாவது நிரந்தரமாகப் பிடித்து, ஆண்டு தவறாமல் போக வேண்டும். திறமையான ஓட்டுநரைத் தக்கவைத்துக்கொள்ளவும் வேண்டும். வலென்சியாவில் வென்று அந்த ஆண்டே உலகச் சாம்பியன் ஆன டி வ்ரீஸ், 2023-ல் ஃபார்முலா ஒன்னில் இடம் கிடைத்ததும் போய்விட்டார். சாம்பியனே வேறு மேடையைக் கனவு காண்கிற வரை ஒரு விளையாட்டு தன்னை நிகர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. எந்த இளம் ஓட்டுநர் இரண்டு கதவுகளும் திறந்திருக்கும்போது மின்சாரப் பந்தயத்தைத் தேர்ந்தெடுக்கிறாரோ, அவர் வரும் நாளில்தான் இந்தப் போட்டி சமமாகும். அந்த நாளைக் கொண்டுவர இன்னும் பெரிய பேட்டரி தேவையில்லை. தன் பலம் எதுவென்று தெரிந்த நிர்வாகம் போதும்.