சொல்லடைவும் பல்கலைக் கழகப் பணியும்

பல்கலைக் கழகத்தின் பணி கற்பித்தலோடு முடிவதன்று; பின் வருவார் ஆராய்தற்கு வேண்டும் கருவிகளைச் செய்து வைத்தலும் அதன் கடனாம். இதனை, நாஞ்சில் நாட்டோடு தொடர்புடைய ஒரு முயற்சி கொண்டு ஈண்டு விளக்குவாம்.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் இந்நாட்டு மாணவர் பலர்க்கு உயர்கல்வி நிலையமாக விளங்கியது, 1937இல் தோன்றிய திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகமாகும். 1957இல் அது கேரளப் பல்கலைக் கழகம் எனப் பெயர் பெற்றது. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராயிருந்த ச. வையாபுரிப் பிள்ளை 1950களின் தொடக்கத்தில் அங்குத் தமிழ்ப் பேராசிரியராயிருந்தார். பின்னர் அத்துறையை வளர்த்தவர், நாகர்கோவில் வடசேரியிற் பிறந்த வ. அய். சுப்பிரமணியம் (1926-2009). இந்தியானாப் பல்கலைக் கழகத்தில் மொழியியல் பயின்ற இவரது புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் வெளிவந்தது. இவர்தம் மாணாக்கர் பலரும் சங்க நூல்களுள் ஒவ்வொன்றை மேற்கொண்டு, இலக்கண விளக்கமும் சொல்லடைவும் அமைத்து முனைவர் பட்டம் எய்தினர்.

சொல்லடைவாவது, ஒரு நூலிலுள்ள சொற்கள் அனைத்தையும் அகர வரிசைப்படுத்தி, அவை வரும் பாட்டெண்ணும் அடியெண்ணும் காட்டுவது. இஃது எளிதெனத் தோன்றும்; ஆயின் ஒவ்வொரு சொல்லும் ஒரு தீர்ப்பை வேண்டி நிற்கும். ‘மா’ என்பது மரமோ, விலங்கோ, நில அளவோ? ‘தாமரை’ என்பது மலரோ, தாவுகின்ற மரையோ? புணர்ச்சி பிரித்து, இடம் நோக்கி, உரை ஒப்பிட்டன்றி அச்சொல்லை அடைவில் வைத்தல் இயலாது. ஒரு நூலின் சொல் அனைத்திற்கும் இங்ஙனம் விடை கண்ட மாணவன், அந்நூலில் தனக்கு விருப்பமான பாட்டுக்களை மட்டும் கற்றவனாகான்.

இக்காலத்துக் கணிப்பொறி நொடிப்பொழுதில் அடைவு தருமன்றோ, இவ்வுழைப்பு எற்றுக்கு என்பார் உளர். கணிப்பொறி விரைவாக எண்ணும், வகைப்படுத்தவும் செய்யும். ஆயின் அதன் பிரிப்புச் சரியோ தவறோ என்று அறிவதற்குப் பயின்ற கண் வேண்டும். அப்பயிற்சி அருகுமாயின், பிழையான அடைவே சான்றாகி, அச்சான்றின்மேல் வரலாறும் எழுதப்பெறும். ஆய்வேடுகளின் எண்ணிக்கை பெருகுதலால் இக்குறை தீராது.

1990இல் திருநெல்வேலியில் அமைந்த பல்கலைக் கழகம் மனோன்மணீயம் சுந்தரனார் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளும் அதன் எல்லையுள் அடங்குவன. சுந்தரனாரோ (1855-1897) ஆலப்புழையிற் பிறந்து, திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராயிருந்து, கல்வெட்டுக்களையும் திருஞானசம்பந்தர் காலத்தையும் சான்று கொண்டு ஆராய்ந்தவர். நில எல்லைகள் மாறினும் சான்று தேடும் நெறி மாறுதற்கில்லை. நம் மாணவர் ஒவ்வொருவரும் பட்டம் பெறுமுன் ஒரு சிறு நூலுக்கேனும் தம் கையால் சொல்லடைவு அமைத்தல் வேண்டும் என்பது நம் துணிபு.