தோள் துண்டு

கார்த்திகைத் தீபத்தன்று அந்தி வேளையில், மலையுச்சியில் தீபம் ஏறுவதற்குச் சற்று முன்பு, திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலில் அர்த்தநாரீசுவரர் ஆடியபடியே கொடிமரத்தருகே வந்து, கூடியிருக்கும் ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு முடிப்பதற்குள் உள்ளே திரும்பிவிடுகிறார். ஆணும் பெண்ணும் ஓருடம்பில் சரிபாதி என்று ஆண்டுக்கொரு தரம் கண்ணெதிரே காட்டுகிற இந்த ஊரைச் சுற்றித்தான், ஒருவன் எவ்வளவு ஆண் என்பதை அவன் பிறந்த குலத்தைக் கொண்டு அளந்து, வேண்டும்போது கொடுத்து வேண்டாதபோது பிடுங்கிக்கொண்ட சரித்திரமும் நடந்திருக்கிறது.

1767 செப்டம்பரில், முதலில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும், ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் திரட்டி வந்த பெருஞ்சேனையைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஜோசப் ஸ்மித் தோற்கடித்தார் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அவருக்காகத் துப்பாக்கி பிடித்தவர்களில் பெரும்பாலோர் மதராஸ் சிப்பாய்கள். நூறு வருஷம் கழித்து, 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்கும் பின்னர் இந்தியப் படை முழுவதற்கும் சேனாதிபதியாக இருந்த ராபர்ட்ஸ் துரை, நெடுநாள் சமாதானம் தென்னாட்டாரின் வீரியத்தை வற்றச் செய்துவிட்டதென்றும், சீக்கியர், கூர்க்காக்கள், பட்டாணியர் போன்றோரே போருக்கென்று பிறந்த இனங்கள் என்றும் அபிப்பிராயங் கொண்டார். மதராஸ் காலாட்படைகள் படிப்படியாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஆள் போதாமற் போனதும் மதராஸ் ரெஜிமெண்டு மறுபடி முளைத்தது. வற்றிய வீரியம் எந்த ஊற்றிலிருந்து சுரந்ததென்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் கணக்கை அமெரிக்கக் கறுப்பர் நன்றாக அறிவார்கள். நரைத்த கிழவரையும் 'பையா' என்று கூப்பிட்ட வெள்ளையர்களே, அதே இனத்து இளைஞனைக் கண்டால் தங்கள் பெண்களுக்கு ஆபத்து என்று கூச்சலிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரியிடம் வரம்பு மீறினான் என்று சொல்லி 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட எம்மெட் டில்லுக்கு வயது 14. குப்பை லாரியின் இயந்திரத்தில் நசுங்கி இரு தொழிலாளிகள் இறந்ததன் பின் 1968இல் மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, 'நான் ஒரு மனிதன், ஓர் ஆண்' என்று இரண்டு பொருளும் ஒருசேரத் தொனிக்கும் வாசகத்தைத்தான் அட்டையில் எழுதிப் பிடித்தார்கள்.

நம் கிராமங்களில் அதற்கு அட்டை கிடையாது, துண்டு உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது, ஏரோட்டியே முதுகு கூனிப்போன ஒருவரை, பள்ளிக்கூடப் பை தொங்கவிட்ட ஒரு பண்ணை வீட்டுப் பிள்ளை 'டேய், இங்க வாடா' என்று அழைக்க, அவர் தோளில் கிடந்த துண்டைச் சட்டென்று இழுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, 'என்னங்க சாமி' என்று நின்றதைப் பார்த்திருக்கிறேன். அன்று அப்படி நின்றவருடைய பேரப்பிள்ளைகள் ஜீன்ஸ் அணிந்து, கண்ணாடி மாட்டி, மோட்டார் சைக்கிளில் போகத் தொடங்கியதும், நம் வீட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று மேடைகளில் பேச்சு எழுந்தது. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் 200க்கு மேற்பட்ட வீடுகள் எரிந்ததற்கு, இரு ஜாதிகளைச் சேர்ந்த இருவர் செய்துகொண்ட கல்யாணமே முகாந்தரமாயிற்று. எரித்தவர்கள் எவரும் அந்தப் பெண்ணின் சம்மதத்தைப் பொருட்படுத்தவில்லை. அவளைக் காப்பதுதான் தங்கள் ஆண்மை என்றிருந்தார்கள்.

பெண்ணின் கதி இதனினும் சிக்கல். அமெரிக்காவில் ஒரு கார் கம்பெனி, தொழிற்சாலையில் கறுப்பு ஆண்களையும் ஆபீசில் வெள்ளைப் பெண்களையும் அமர்த்தியிருந்தபடியால், கறுப்புப் பெண்கள் தொடுத்த வழக்கை, இனபேதமும் பெண் என்ற பேதமும் சேர்ந்த ஒரு தனிப் பிராதாக ஏற்க 1976இல் கோர்ட்டு மறுத்துவிட்டது. இந்த இடுக்கை 1989இல் விளக்கிக் காட்டியவர் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியை. துண்டை இடுக்கி நின்றவரின் மனைவி பண்ணையில் ஏச்சையும் வீட்டில் அடியையும் சேர்த்து வாங்கினாள் என்பதை நாம் ஆராய்ச்சி செய்து தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

2023 ஜனவரி 30ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில், சுமார் 80 வருஷங்களாக உள்ளே விடப்படாதிருந்த தலித் ஜனங்கள், ஆணும் பெண்ணுமாக, முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்று கும்பிட்டார்கள். சொந்த ஊர் அம்மனைத் தரிசிக்க அவர்களுக்குக் கலெக்டரும் போலீஸ் காவலும் துணை வரவேண்டியிருந்தது.