ஒரு ஜன்னலும் ஒரு முகமும்

1903-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் மகா தனவந்தரும் வங்கி முதலாளியுமான ஜே. பி. மார்கனின் உருவத்தை ஓர் ஓவியர் எண்ணெய் வர்ணத்தில் தீட்டிக்கொண்டிருந்தார். மார்கனோ நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருக்கும் பொறுமை வாய்க்காதவர். ஆகவே, பார்த்து வரைவதற்கு ஆதாரமாக ஒரு புகைப்படம் எடுத்துத் தரும்படி, அப்பொழுது 25 வயதுகூட நிரம்பாத எட்வர்ட் ஸ்டைக்கன் என்ற இளைஞரை அவ்வோவியர் ஏற்பாடு செய்தார். ஸ்டைக்கன் செய்த முதற்காரியம், மார்கன் வருவதற்கு முன்பே கட்டடத்தைப் பராமரிக்கும் ஊழியர் ஒருவரை அழைத்து அதே நாற்காலியில் உட்கார வைத்து, வெளிச்சம் விழவேண்டிய பக்கத்தையும் காமிரா நிற்கவேண்டிய இடத்தையும் நிச்சயம் செய்துகொண்டதாகும். மார்கன் வந்தார், அமர்ந்தார். சுமார் 3 நிமிஷங்களில் இரண்டு படங்கள் எடுக்கப்பட்டன. அவரும் திருப்தியுடன் எழுந்து போனார்.

தலையைச் சற்றே மாற்றி வைக்கும்படி சொல்லப்பட்டதில் எழுந்த எரிச்சல் கண்களில் தங்கிவிட, நாற்காலிக் கையின்மேல் பட்ட ஒளி குத்துவாளைப் பிடித்திருப்பதுபோன்ற மயக்கத்தை உண்டாக்க, இரண்டாவதாக எடுத்த படம் உலகப் பிரசித்தி பெற்றது. சாந்தமும் இயல்பும் நிறைந்த உருவப்படத்துக்கு அதனை உதாரணமாகக் காட்ட முடியாது. ஆயினும், அத்தகைய படத்தை எடுக்க விரும்புகிறவர் கற்கவேண்டிய பாடம் அந்த ஊழியரை உட்கார வைத்த காரியத்தில் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. வெளிச்சத்தைப் பற்றிய யோசனையெல்லாம், படத்துக்கு அமர்பவர் அறைக்குள் நுழையுமுன் முடிந்துவிட வேண்டும்; நுழைந்தபின் நம் சித்தம் முழுவதும் அவருக்கே உரியது. எளிய விளக்கமைப்பே போதும் என்று நான் வற்புறுத்துவதற்குச் சிக்கனம் மாத்திரம் காரணமன்று. மூன்று நான்கு விளக்குகளை மாறி மாறித் திருப்பிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிஷத்துக்குள், எதிரே அமர்ந்திருக்கும் கணக்கு மேலாளரின் முகமோ கம்பெனி அதிபரின் முகமோ மெல்ல மெல்ல இறுகிப் போய்விடுகிறது என்பதே முக்கியமான காரணம்.

இறுகிய முகத்தை, "கொஞ்சம் சிரிங்க சார்" என்ற வேண்டுகோளால் தளர்த்திவிட முடியாது. பிரெஞ்சு நாட்டு வைத்தியரான டூஷேன், முகத்துத் தசைகளை மின்சாரத்தால் ஒவ்வொன்றாகத் தூண்டி, அந்தந்த பாவத்தைப் புகைப்படத்திலும் பிடித்து, 1862-இல் ஒரு நூலாக வெளியிட்டார். கடைவாயை மேலே இழுக்கும் தசை நம் இச்சைக்கு உடனே பணிகிறது. கண்ணைச் சுற்றி வளையமாக அமைந்த தசையோ பெரும்பாலும் உள்ளத்தில் மகிழ்ச்சி மெய்யாக எழும்போதுதான் சுருங்குகிறது என்று அவர் கண்டார். ஆகவே சிரிக்கச் சொன்னால் வாய் கீழ்ப்படியும், கண் கீழ்ப்படியாது. மாறாக, அந்த மனிதரிடம் அவருடைய முதல் வாடிக்கையாளர் யார் என்றோ, தொழிற்சாலையில் எந்த இயந்திரம் அவருக்கு மிகவும் பிடித்தமானது என்றோ கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லி முடித்து வாய் மூடிய அந்தக் கணத்தில், சொன்ன விஷயத்தின் பிரகாசம் முகத்தில் இன்னும் நிற்கும். அதுதான் பொத்தானை அழுத்தவேண்டிய சமயம்.

இனி வெளிச்சத்தைப் பற்றிச் சொல்கிறேன். முகத்தின் இடத்திலிருந்து பார்க்கும்போது ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறதோ, அவ்வளவுக்கு அது உண்டாக்கும் நிழலின் ஓரம் மென்மையாகிறது என்பதே இக்கலையின் ஆதாரமான விதி. சூரியன் பூமியைப்போல் நூறு மடங்குக்கு மேல் குறுக்களவு உடையதாயினும், ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதனால் வானத்தில் ஏறத்தாழ அரை பாகைக்குள் அடங்கிவிடுகிறது. அதனால்தான் உச்சி வெயில் மூக்கின் கீழும் புருவத்தின் கீழும் கறுத்த, கூரிய நிழலை இடுகிறது. அதே சூரியனை மேகம் மூடினால் வானம் முழுவதுமே விளக்காகி நிழல் கரைந்துவிடுகிறது. அலுவலகத்து ஜன்னல் ஒன்று, அதனருகே நான்கடி தூரத்தில் அமர்ந்திருப்பவருக்கு, விலையுயர்ந்த ஸ்டூடியோ விளக்குகளுக்கு நிகரான ஒளியைத் தருவதும் இந்த விதியினாலேதான்.

ஜன்னல் அவருக்கு நேர் பக்கவாட்டிலும் இல்லாமல், நேர் எதிரிலும் இல்லாமல், இரண்டுக்கும் இடையே இருக்குமாறு நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். மறுபக்கத்துக் கன்னம் அதிகமாக இருண்டால், ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை இரண்டு மூன்றடி தூரத்தில் நிறுத்தினால் போதும். கூரையிலுள்ள விளக்குகளை அணைத்துவிட வேண்டும். பகலொளியின் நிறம் வேறு, குண்டு பல்பின் மஞ்சள் வேறு, சில டியூப் லைட்டுகளின் பச்சைச் சாயல் வேறு. இவை ஒரே முகத்தில் கலந்தால் பின்னர் எந்தத் திருத்தத்தாலும் தோலின் நிறத்தை நேராக்குவது கடினம். வர்ணக் கண்ணாடி பதித்த ஜன்னலையும் தவிர்ப்பது நன்று.

ஐரோப்பிய நூல்கள் எல்லாம் வடக்கு ஜன்னலையே சிலாகித்துப் பேசும். அந்நாடுகளில் சூரியன் எப்போதும் தென்புறமாகவே உச்சியைக் கடப்பதனால் வடக்கு ஜன்னலில் நேர்வெயில் அநேகமாக விழுவதில்லை. நம் தமிழ்நாடோ கடகரேகைக்குத் தெற்கே இருப்பது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரையில் நண்பகற் சூரியன் தலைக்கு வடபுறமாகச் செல்வதால், அம்மாதங்களில் வடக்கு ஜன்னலை நம்பியவர் வெயிலில் அகப்பட்டுக்கொள்வார். அப்போது ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னலுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டினால், வெயில் முழுவதும் அந்தத் துணியில் பரவி, துணியே மெல்லிய ஒளிமூலமாகிவிடுகிறது. ஜன்னலே இல்லாத அறையில், ஒரே ஒரு ஃபிளாஷ் விளக்கை வெள்ளைக் குடையின் வழியாகக் கண்மட்டத்துக்குச் சற்று மேலிருந்து செலுத்தினால் ஏறத்தாழ அதே பயன் கிடைக்கும்.

மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களிடத்தில் ஒரு தொல்லை உண்டு. எந்தக் கோணத்தில் ஒளி பட்டதோ அதே கோணத்தில் அது திரும்புமாதலால், விளக்கைச் சிறிது உயர்த்தியோ, கண்ணாடியின் காதுப்பிடியை ஒரு நூலளவு தூக்கி வைத்தோ அந்தப் பளபளப்பை அகற்றிவிடலாம்.

இங்கே என் மனத்தை நெடுநாளாக உறுத்தும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். காமிராவிலுள்ள ஒளிமானி, தன்முன் இருக்கும் காட்சி எதுவாயினும் அதனை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே கணக்கிடுகிறது. கறுத்த மேனியுடைய ஒருவரை வெண்சுவருக்கு முன்னால் நிறுத்தினால், சுவரின் வெண்மையைத் தணிக்கும் முயற்சியில் அது அவருடைய முகத்தை மேலும் இருளச் செய்கிறது. பின்னர் கணினியில் அந்த முகத்தை வெளுக்கடித்து, பிறப்பிலேயே இல்லாத ஒரு நிறத்தை அவருக்குப் பூசிக் கொடுக்கும் வழக்கம் நம் ஸ்டூடியோக்களில் வேரூன்றியிருக்கிறது. இதனை நான் அநீதி என்றே கருதுகிறேன். வெண்சுவரை விட்டு விலகிச் சாம்பலோ கருநீலமோ ஆன பின்னணியைத் தேர்ந்து, பெரிய ஒளிமூலத்தைப் பக்கவாட்டிலிருந்து விழச் செய்தால், கறுத்த தோல் தன் இயற்கையான மினுமினுப்பால் கன்ன எலும்பையும் நெற்றியின் வளைவையும் எவ்வளவு கம்பீரமாக எடுத்துக் காட்டுகிறது! வெளுக்கடிக்கும்போது முதலில் அழிந்து போவது அந்த மினுமினுப்புத்தான்.

வெளிச்சம் ஒரு மனிதரைக் கௌரவிக்கவும் வல்லது, குற்றஞ்சாட்டவும் வல்லது. ஜெர்மானிய ஆயுதத் தொழிலதிபர் ஆல்ஃபிரீட் குருப், யுத்த காலத்தில் அடிமைத் தொழிலாளரை வேலை வாங்கிய குற்றத்துக்காக 1948-இல் தண்டிக்கப்பட்டு, 1951-இல் விடுதலையானவர். 1963-இல் அவரைப் படம் எடுக்கச் சென்ற ஆர்னால்ட் நியூமன் என்ற யூதப் புகைப்படக் கலைஞர், எஸ்ஸன் நகரத்துத் தொழிற்சாலையில் அவரை அமர்த்தி, இருபுறமும் தாழ்வாக விளக்குகளை வைத்து, சற்று முன்னே குனியச் சொன்னார். கைகோத்து மோவாயைத் தாங்கிய அந்த முகம் அசுரமுகமாகவே படத்தில் பதிந்தது. நியூமன் அதனை அறிந்தே செய்தார். அதே கீழ்வெளிச்சத்தை, மேஜைமேல் வைத்த விளக்கினாலோ பளபளக்கும் கண்ணாடி மேஜையினாலோ அறியாமலே நல்லவர் ஒருவர்மேல் விழச் செய்துவிடக் கூடாதல்லவா?

காமிராவை மிக அருகே கொண்டு போனால் மூக்கு பெருத்தும் காதுகள் ஒடுங்கியும் தோன்றும். ஆறேழு அடி தள்ளி நின்று 85 மில்லிமீட்டர் லென்ஸை உபயோகித்தால் முகம் நாம் நேரில் காணும் அளவுகளிலேயே அமையும். கைப்பேசியில் எடுப்பவரும் தள்ளி நின்று, தூரத்தைக் கிட்டக் காட்டும் லென்ஸை உபயோகிக்கலாம்.

அமர்பவரின் சட்டைப்பையிலிருந்து பேனாவையும் கைப்பேசியையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். உடலை ஜன்னல் பக்கம் சற்றே திருப்பி, முகத்தை மாத்திரம் காமிராவை நோக்கச் செய்தால் தோள்கள் தாமே தளரும். கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியாதவருக்கு அவர் தினந்தோறும் கையாளும் ஒரு பொருளைக் கொடுங்கள். தையற்கடை அதிபருக்கு இஞ்ச் டேப்பும், அச்சக உரிமையாளருக்கு அப்போதுதான் அச்சாகி வந்த தாளும் அந்நியமாகத் தோன்றா.

ஒரு நிறுவனத்தின் ஊழியர் அனைவரையும் படம் எடுக்க நேர்ந்தால், நாற்காலியின் கால்களும் காமிரா ஸ்டாண்டின் கால்களும் நின்ற இடங்களைத் தரையில் டேப் ஒட்டி அடையாளம் செய்துகொள்வதோடு, ஜன்னலுக்கும் முகத்துக்கும் இடையேயுள்ள தூரத்தையும் எடுத்த நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வேலையில் சேர்ந்த ஒருவரை அதே தூரத்தில், அதே வகையான வெளிச்சம் கிட்டும் வேளையில் அமர்த்தினால், அவருடைய படமும் மற்றவர்களுடைய படங்களோடு ஒரே வரிசையில் பொருந்தி நிற்கும்.