அடிபம்பும் எண்ணெய்க் கிணறும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மக்களுக்குத் தண்ணீரின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குமாரலிங்கபுரம் போன்ற கரிசல் ஊர்களில் அடிபம்பை அறியாதவர் யார்? அந்த அடிபம்பும், பூமியின் ஆழத்திலிருந்து கச்சா எண்ணெயை மேலே கொண்டுவரும் பெரிய இயந்திரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது தோழியர் பலருக்கு வியப்பாக இருக்கும்.

அடிபம்பின் கைப்பிடியை அழுத்தும்போது, குழாய்க்குள் தொங்கும் இரும்புக் கம்பி மேலே எழுகிறது. அதன் நுனியில் பிஸ்டன் உள்ளது. பிஸ்டனில் ஒரு வால்வு, அதற்குக் கீழே உருளையின் அடியில் மற்றொரு வால்வு. பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் வால்வு மூடிக்கொண்டு தண்ணீரைத் தூக்குகிறது. அடி வால்வு திறந்து புதுத் தண்ணீரை உள்ளே விடுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அடி வால்வு மூடிக்கொள்ள, உள்ளே வந்த தண்ணீர் பிஸ்டனுக்கு மேலே போய்விடுகிறது.

எண்ணெய்க் கிணற்றிலும் இதே வேலைதான். குஜராத்தின் மெஹ்சானாவில் ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தின் கிணறுகள் பலவற்றில் இவ்வகைப் பம்புகள் உள்ளன. கைக்குப் பதிலாக மோட்டார். கைப்பிடிக்குப் பதிலாக, குதிரைத் தலைபோல் ஏறி இறங்கும் பெரிய இரும்பு உத்தரம். கம்பி ஒவ்வொன்றும் சுமார் 25 அடி நீளம். ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு இப்படி 130 கம்பிகளுக்கு மேல் இணைக்க வேண்டும். நிமிடத்துக்கு 6 முறை என்று கொண்டாலும், ஒரே நாளில் 8,640 முறை இது ஏறி இறங்குகிறது.

இங்கேதான் சிக்கல். கிணறு ஊறுவதைவிட வேகமாகப் பம்பு இழுத்தால் உருளை பாதிதான் நிரம்பும். இறங்கும் பிஸ்டன் வெற்றிடத்தைக் கடந்து எண்ணெயின் மேல் தடாலென மோதும். அந்த அதிர்ச்சி நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை கம்பிகளைத் தாக்க, ஒருநாள் அவை அறுந்துபோகும். மின்சாரமும் வீண்.

ஆழத்தில் நடப்பதைக் கண்ணால் காண முடியாது. ஆகவே கம்பியின் மேல்முனையில் கருவி பொருத்தி, ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் அது தாங்கும் பாரத்தை வரைபடமாக எடுக்கிறார்கள். ஆனால் நீண்ட கம்பி சுருள்வில்போல் நீண்டும் அதிர்ந்தும் அந்தப் படத்தின் உருவத்தைக் குலைத்துவிடும். 1963-இல் கிப்ஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் இதற்கு வழி கண்டார். வீணைத் தந்தியின் அதிர்வை விளக்கும் அலைச் சமன்பாட்டின் வகையைக் கம்பிகளுக்குப் பொருத்தி, கணிப்பொறியால் விடை கண்டார். இன்றைய மென்பொருள்களுக்கு அதுவே அடித்தளம். உருளை நிறைந்தால் படம் ஏறக்குறைய நாற்கோணமாக இருக்கும். நிறையாவிட்டால் வலப்பக்கக் கீழ்மூலை வெட்டுப்பட்டுத் தெரியும். உள்ளே வாயு புகுந்தாலும் ஏறக்குறைய அதே தோற்றம்தான். இரண்டையும் பிரித்தறியப் பயிற்சி பெற்ற கண் வேண்டும்.

நோய் தெரிந்தபின் மருந்து எளிது: வேகத்தைக் குறைப்பது, அல்லது சற்று நிறுத்தி ஊறவிட்டு மீண்டும் ஓட்டுவது. இதைத்தானே நம் விவசாயிகளும் செய்கிறார்கள்! கிணறு வற்றினால் மோட்டாரை நிறுத்தி ஊறவிடுகிறார்கள். மீறி ஓட்டினால் காயில் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். கிணறு கொடுக்கும் அளவுக்கே இறைக்க வேண்டும் என்னும் பாடம் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஒன்றே.

இக்கல்வி ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் 1990-களில் கிராமப் பெண்கள் பயிற்சி பெற்று, கம்பியைக் கழற்றி அடிபம்புகளைத் தாங்களே பழுது பார்த்தனர். எனவே தோழியரே, இயற்பியல் வகுப்பில் அலைகளைப் பற்றிய பாடம் வரும்போது, இது எதற்கு உதவும் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நடப்பதை மேலே இருந்தபடியே அறியும் திறவுகோல் அந்தப் பாடத்தில் இருக்கிறது.