அடுத்த ப்ராசஸருக்காகக் காத்திருக்கலாமா? காசுக் கணக்குல பார்ப்போம்



டெஸ்க்டாப் வாங்கணும்னு மாசாமாசம் சம்பளத்துல எடுத்து வச்சிருப்பீங்க. வாங்கப் போற நேரத்துல ஒரு வீடியோ கண்ணுல படும்: "அடுத்த ஜெனரேஷன்ல 52 கோர் வருது, இப்ப வாங்கினா வேஸ்ட்!" உடனே கார்ட்ல இருந்ததை எடுத்துட்டு, "சரி, கொஞ்ச நாள் பொறுப்போம்"னு இருந்துடுவோம். பொறுத்திருக்கிறதுக்கும் ஒரு விலை இருக்கு. அது எவ்வளவுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

வதந்தி எங்கிருந்து வருது?

இன்டெல் தன்னோட நோவா லேக் ப்ராசஸர் 2026 கடைசியில வரும்னு சொல்லியிருக்கு. ஏஎம்டி பக்கம் ஜென் 6 பத்திப் பேச்சு ஓடுது. ஆனா 52 கோர், இத்தனை சதவீதம் வேகம்ங்கிறதெல்லாம் பெரும்பாலும் கசிஞ்ச ஸ்லைடு, சோதனைக்குச் செஞ்ச சாம்பிள் சிப்போட கீக்பெஞ்ச் ஸ்கோர் இதுகளை வச்சுச் சொல்றதுதான். அந்த சாம்பிளோட கிளாக் வேகமும் கடைக்கு வர்ற சிப்போட வேகமும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமில்லை.

கட்டுமாவடி மீன் மார்க்கெட்ல படகு கடல்ல இருக்கும்போதே யாராவது மீனுக்கு விலை பேசுவாங்களா? மீன் கரைக்கு வரணும், செவுளைத் தூக்கிப் பார்க்கணும், அப்புறம்தான் பேச்சு. ப்ராசஸருக்கும் அதே நியாயம்தான்.

கம்பெனி சொன்னதும் கையில வந்ததும்

2020 நவம்பர்ல வந்த ஜென் 3-க்கு, ஒரே கிளாக் வேகத்துல 19% கூடுதல் வேலை செய்யும்னு ஏஎம்டி சொன்னது. சோதிச்சவங்களும் பெரிய முன்னேற்றம்னு ஒத்துக்கிட்டாங்க.

2024 ஜூன்ல ஜென் 5-க்கு சராசரி 16%னு சொன்னாங்க. ஆகஸ்ட்ல கைக்கு வந்தப்போ சில கனமான வேலைகள்ல நல்ல வேகம். ஆனா நிறைய கேம்கள்ல கிடைச்ச லாபம் ஒற்றை இலக்க சதவீதம்தான். சராசரிங்கிறது பல வேலைகளைக் கூட்டி வகுத்த எண். உங்க வேலை அதுல எந்தப் பக்கம் இருக்குன்னு அது சொல்லாது.

அதே வருஷம் அக்டோபர் 24-ல இன்டெல்லோட கோர் அல்ட்ரா 9 285கே வந்தது. மின்சாரம் குறைவா எடுத்தது. ஆனா பல கேம்கள்ல தன்னோட முந்தைய தலைமுறையான 14900கே-க்கே பின்தங்கிடுச்சு. அதுக்காகவே காத்திருந்த கேமருக்கு என்ன மிஞ்சியிருக்கும்? யோசிச்சுப் பாருங்க.

இப்ப உங்க கணக்கு

ஆபீஸ் முடிஞ்சு வீட்டுல கல்யாண வீடியோ எடிட் பண்ணி மாசம் 4,000 ரூபாய் பார்க்க முடியும்னு வைங்க. எட்டு மாசம் காத்திருந்தா 32,000 ரூபாய் போச்சு. புது ப்ராசஸர் 15% வேகம்னே வச்சுக்குவோம். 20 நிமிஷம் ஆகிற எக்ஸ்போர்ட் சுமார் பதினேழரை நிமிஷத்துல முடியும். மிச்சம் ரெண்டரை நிமிஷம். அதுக்கு 32,000 கொடுப்பீங்களா? எக்செல், பிரவுசர், ஜூம் மட்டும்னா அந்த 15% உங்க கண்ணுக்கே தெரியாது.

இன்னொண்ணு, ப்ராசஸர் தனியா வேலை செய்யாது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி தேவை கூடினதால 2025 கடைசியில ராம் விலை எகிறிடுச்சு. சாதாரண வாடிக்கையாளருக்கு விக்கிற க்ரூஷியல் பிராண்டையே நிறுத்தறோம்னு மைக்ரான் அந்த டிசம்பர்ல அறிவிச்சது. ப்ராசஸருக்காகப் பொறுத்தவங்க ராமுக்குக் கூடுதலா அழ வேண்டியதாச்சு.

எப்ப காத்திருக்கலாம்?

இருக்கிற கம்ப்யூட்டர் ஓடுது, புது மாடலுக்குக் கம்பெனியே தேதி அறிவிச்சாச்சு, அதுவும் ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ளன்னா தாராளமா பொறுக்கலாம். புதுசு வந்தா பழைய மாடல் விலை இறங்கவும் வாய்ப்பு இருக்கு. அதுவரைக்கும் பணம் சேவிங்ஸ் அக்கவுண்ட்ல கரையாம ஒரு ஷார்ட் டேர்ம் எஃப்டியில இருக்கட்டும்.

வேலை தடைபடுதுன்னா இப்பவே நடுத்தர ப்ராசஸரா வாங்குங்க. மதர்போர்டு மட்டும் பார்த்து எடுங்க. ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-ம் அதுக்கு மேலயும் ஆதரவு உண்டுன்னு ஏஎம்டி சொல்லியிருக்கு. அப்ப பின்னாடி ப்ராசஸரை மட்டும் மாத்திக்கலாம். மிச்சப்படுற காசுல நல்ல எஸ்எஸ்டி, ஒரு யுபிஎஸ். கரண்ட் போய்ப் போய் வர்ற ஊர்ல யுபிஎஸ் ஆடம்பரம் இல்லை.

எமர்ஜென்சி ஃபண்டுல மட்டும் கை வைக்காதீங்க. நோ காஸ்ட் இஎம்ஐன்னாலும் ப்ராசஸிங் ஃபீ, வட்டி மேல ஜிஎஸ்டின்னு உங்க தலையில விழும். அதையும் சேர்த்து மொத்த விலையை ஒரு பேப்பர்ல எழுதுங்க. பக்கத்துலயே, இந்த மெஷின் மாசம் உங்களுக்கு எவ்வளவு சம்பாதிச்சுக் கொடுக்கும், இல்ல எத்தனை மணி நேரம் மிச்சப்படுத்தும்னு எழுதுங்க. வாங்கறதா, பொறுக்கறதான்னு அந்த ரெண்டு எண்ணும் சொல்லிடும்.