பழுதான சூரியத் தகடும் நுகர்வோர் ஆணையமும்

மழை குறைந்து வெயில் மிகுந்த சங்கரன்கோவிலில், 2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தின் கீழ் 3 கிலோவாட் சூரிய மின்தகடு அமைக்கும் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. எனினும் மானியம் வந்து சேர்வதாலேயே வேலை ஒழுங்காக முடிந்துவிட்டது என்று கொள்வதற்கில்லை.

தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் அளவில் மின்சாரம் தரும் என்பது பொதுவான கணக்கு. மேகமூட்டமில்லாத நாட்களிலும் உற்பத்தி அதனினும் மிகக் குறைந்தே இருக்குமானால், தண்ணீர்த் தொட்டியின் நிழல் தகட்டின்மேல் விழுவதோ, தூசி படிந்திருப்பதோ, தகடு தரும் நேர் மின்னோட்டத்தை வீட்டுக்குரிய மாறு மின்னோட்டமாக மாற்றும் இன்வெர்ட்டர் பழுதாகியிருப்பதோ காரணமாகலாம். இன்வெர்ட்டர் காட்டும் அன்றாட உற்பத்தி அளவைப் படமெடுத்து வைப்பதும், குறையைத் தொலைபேசியில் சொல்வதோடு நில்லாமல் எழுத்தில் அனுப்புவதும் பின்னாளில் முதன்மைச் சான்றுகளாகின்றன.

யாரிடம் முறையிடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். வீடு எடுத்த மின்சாரத்தையும் வெளியே கொடுத்த மின்சாரத்தையும் தனித்தனியே பதியும் நெட் மீட்டரைப் பொருத்தத் தாமதமானாலோ கணக்கீட்டில் பிழை நேர்ந்தாலோ, அது மின்வாரியத்தின் பொறுப்பு. அதற்கு 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அமைந்த மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும், அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளரும் உண்டு. பொருத்திய வேலையில் குறை இருந்தால், மேற்கண்ட திட்டத்தின் கீழ் 5 ஆண்டுப் பராமரிப்புக்குக் கடமைப்பட்ட நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். அது மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம், அதிலும் தீராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.

சிற்றூர் மக்களுக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் செய்த பெரும் உதவி, வழக்குத் தொடுக்கும் இடத்தைப் பற்றியது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் எதிர்த்தரப்பின் இருப்பிடத்தையும் வழக்கின் காரணம் எழுந்த இடத்தையுமே அடிப்படையாகக் கொண்டிருக்க, புதிய சட்டம் முறையிடுவோர் குடியிருக்கும் அல்லது பணிபுரியும் இடத்துக்குரிய ஆணையத்தையே அணுக இடமளிக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமில்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமுமில்லை. ஆனால் வழக்கின் காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மனு செய்தாக வேண்டும். பழுதுக்கான காரணத்தை ஆய்வுக்கூடச் சோதனையால்தான் அறிய முடியும் என்றால், ஆணையமே அதற்கு உத்தரவிடலாம்.

வணிகத்துக்காக வாங்குவோர் இச்சட்டத்தில் நுகர்வோர் ஆகார் என்பதால், விசைத்தறி மிகுந்த இவ்வூரில் தறிக்கூடத்தின் மேல் தகடு போட்டவர்கள் தமக்கு வழியில்லை என்று எண்ணி ஒதுங்கிவிடக்கூடும். ஆனால், சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளைச் சட்டம் வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. ஆகவே தானே தறி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவரும் ஆணையத்தின் முன் நுகர்வோராக வாதாட இடமுண்டு.